வெற்று மாத்திரை வந்தால் அண்ணன் ஏமாந்தவரா?

பாலக்கோட்டுக்கு அருகிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அண்ணனுக்கு நாற்பத்திரண்டு வயது. கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் அறுத்து மெருகேற்றும் பட்டறைகளில் பதினைந்து ஆண்டுகள் வேலை பார்த்தவர். இப்போது நுரையீரல் காசநோய். அதுவும் ரிஃபாம்பிசின், ஐசோனியாசிட் என்ற முக்கியமான இரண்டு காசநோய் மருந்துகளுக்கும் அடங்காத வகை. நான்கு மருந்துகள் கொண்ட ஆறு மாதச் சிகிச்சை தொடங்கிப் பத்து நாள் ஆகிறது. இதற்கிடையில் ஓர் ஆய்வுக் குழுவினர் வந்து, இதே மருந்துகளோடு கூடுதலாக ஒரு மாத்திரையைச் சோதிக்கிறோம், சேர்கிறீர்களா என்று கேட்டிருக்கிறார்கள். பாதிப் பேருக்கு உண்மையான மாத்திரை, மீதிப் பேருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரை. யாருக்கு எது என்பது கொடுக்கும் மருத்துவருக்கும் தெரியாது. “இது என் அண்ணனைச் சோதனை எலி ஆக்குவதுதானே? வெற்று மாத்திரை வந்தால் அவர் ஏமாந்தவர்தானே? அதைவிட ஊரில் ஒருவர் தரும் மூலிகைப் பொடியைச் சேர்த்துக் கொடுத்துவிடலாமா?” என்பவை அவருடைய கேள்விகள்.

நான் இந்த மாவட்டத்தில் நெஞ்சக நோய் மருத்துவனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சில ஆண்டுகள் நெறிமுறைக் குழு ஒன்றில் உறுப்பினராக இருந்து இத்தகைய ஆய்வுத் திட்டங்களை வரிவரியாகப் படித்திருக்கிறேன். எனவே கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள் தம்பி.

முதலில் எலி, ஏமாற்று என்ற பேச்சுக்கு வருகிறேன். அந்த ஆய்வில் சேரும் ஒவ்வொருவருக்கும் அந்த நான்கு மருந்துகளும் முழு அளவில், முழுக் காலத்துக்கும் கிடைக்கின்றனவா என்று பாருங்கள். கிடைக்கிறது என்றால், வெற்று மாத்திரை வருபவர் இன்று உலகம் அறிந்த நல்ல சிகிச்சையைத்தான் பெறுகிறார். அவர் இழப்பது எதுவும் இல்லை. பயன் தருமா தராதா என்றே இன்னும் தெரியாத ஒன்றுதான் அவருக்குக் கிடைக்காமல் போகிறது. அதற்கு மாறாக, நான்கில் ஒன்றை எடுத்துவிட்டு அந்த இடத்தில் புதியதை வைக்கிறோம் என்றால் அது வேறு வகை ஆய்வு. அதற்கு வேறு கேள்விகள் கேட்க வேண்டும். ஆகவே அவர்களிடம் நீங்கள் முதலில் கேட்க வேண்டியது, “எதைக் கூட்டுகிறீர்கள்?” என்பதைவிட, “எதன்மேல் கூட்டுகிறீர்கள்?” என்பதுதான்.

இந்தக் கேள்விக்கு நான் ஏன் இவ்வளவு அழுத்தம் தருகிறேன் என்றால், காசநோய் மருத்துவத்தின் வரலாறே அதில்தான் இருக்கிறது. பிரிட்டனில் 1948இல் வெளியான ஸ்ட்ரெப்டோமைசின் ஆய்வில் 107 நோயாளிகள். 55 பேருக்கு அந்த ஊசி, 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். ஆறு மாத முடிவில் ஊசி பெற்றவர்களில் நான்கு பேர்தான் இறந்திருந்தார்கள். மற்றவர்களில் பதினான்கு பேர். எல்லோரும் அதிசயம் என்றார்கள். ஆனால் ஊசி போட்டவர்களில் பலருடைய கிருமிகள் சில மாதங்களிலேயே அந்த மருந்துக்கு அடங்காதவையாக மாறின. ஐந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது இரு சாராருக்கும் இடையில் இருந்த வேறுபாடு பெரிதும் சுருங்கிப் போயிருந்தது. பிறகு பாஸ் என்ற இன்னொரு மருந்தை அதோடு சேர்த்துக் கொடுத்துச் சோதித்தபோதுதான், இரண்டாவது மருந்து முதல் மருந்தைக் காப்பாற்றுகிறது என்று தெரிந்தது. கூட்டு மருந்து என்ற எண்ணமே அங்கிருந்து வந்ததுதான். தோற்றுக்கொண்டிருக்கும் சிகிச்சையோடு ஒரே ஒரு புதிய மருந்தை மட்டும் சேர்க்காதே என்று எங்கள் ஆசிரியர்கள் தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்ததும் அதனால்தான். அப்படிச் சேர்த்தால் அந்தப் புதிய மருந்தும் கொஞ்ச நாளில் வீணாகிவிடும்.

இப்போது உங்கள் அண்ணன் சாப்பிடும் பெடாக்குலினையே எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் முதலில் “கூடுதல் மாத்திரை”யாகச் சோதிக்கப்பட்டதுதான். மருந்துக்கு அடங்காத காசநோயாளிகள் 160 பேர். எல்லோருக்கும் அன்றைய வழக்கப்படி ஐந்து மருந்துகள். அதன்மேல் பாதிப் பேருக்கு 24 வாரம் பெடாக்குலின், பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. சளியில் கிருமி வளர்கிறதா என்று பார்க்கும் வளர்ப்புச் சோதனையில் கிருமி இல்லை என்று வர, பெடாக்குலின் பெற்றவர்களில் பாதிப் பேருக்கு 83 நாட்களே போதுமானதாக இருந்தது. மற்றவர்களில் பாதிப் பேருக்கு 125 நாட்கள் ஆயின. இதைக் கேட்டதும் யாருக்கும் கைதட்டத் தோன்றும். ஆனால் அதே ஆய்வை 120 வாரம் தொடர்ந்து கவனித்தபோது, பெடாக்குலின் பெற்ற 79 பேரில் பத்துப் பேர் இறந்திருந்தார்கள். வெற்று மாத்திரை பெற்ற 81 பேரில் இரண்டு பேர்.

இந்த எண்களை முதன்முதலாகப் படித்த நாள் இன்னும் நினைவிருக்கிறது. சளி சுத்தமாகிறது, ஆள் இறக்கிறார். இதை எப்படிப் புரிந்துகொள்வது? இறப்புகளில் பல, மருந்தை நிறுத்தி நெடுநாள் கழித்து நேர்ந்தவை. அவற்றுக்கு ஒரே காரணம் என்று எதையும் காட்ட முடியவில்லை. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012 டிசம்பரில் அனுமதி கொடுத்தபோது இந்த எச்சரிக்கையைப் பெட்டி கட்டி மேலே போட்டுத்தான் கொடுத்தது. அதன்பின் தென்னாப்பிரிக்காவில் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கொடுத்துக் கவனித்தபோது, இறப்பு கூடவில்லை, குறைந்தது என்றே தெரியவந்தது. 2018இல் உலகச் சுகாதார நிறுவனம் அதை, மருந்துக்கு அடங்காத காசநோய்க்கு முதலில் தேர்ந்தெடுக்க வேண்டிய மருந்துகளில் சேர்த்தது. ஆனால் அதுவரை எங்களைப் போன்றவர்கள் ஒவ்வொரு ஈசிஜியையும் கையில் வைத்துக்கொண்டு பயந்து பயந்துதான் அந்த மருந்தை எழுதினோம்.

டெலமனிட் என்ற இன்னொரு காசநோய் மருந்தின் கதை இதற்கு நேர்மாறானது. முதல் ஆய்வில் 481 பேர். இரண்டு மாதத்தில் சளி சுத்தமானவர்கள் மருந்து பெற்றோரில் நூற்றுக்கு 45 பேர், வெற்று மாத்திரை பெற்றோரில் நூற்றுக்கு 30 பேர். நல்ல முன்னேற்றம்தான். ஆனால் 2019இல் வெளியான பெரிய ஆய்வில், 511 பேரைச் சேர்த்து முப்பது மாதம் தொடர்ந்து பார்த்தபோது, சளி சுத்தமாக ஒரு சாராருக்கு 51 நாள், மறு சாராருக்கு 57 நாள். இறுதியில் குணமானவர்கள் இரு பக்கமும் கிட்டத்தட்டச் சமம். மருந்து கெட்டுவிட்டதா? இல்லை. இடைப்பட்ட காலத்தில் அடித்தளச் சிகிச்சையும் அதைக் கண்காணிக்கும் முறையும் மேம்பட்டிருந்தன. வெற்று மாத்திரை பெற்றவர்களும் நன்றாகவே தேறினார்கள். நல்ல கிணறு இருக்கும் தோட்டத்தில் இன்னொரு குடம் தண்ணீர் ஊற்றினால் பயிரில் வேறுபாடு தெரியாது. உங்கள் அண்ணனுக்குத் தரும் நான்கு மருந்துச் சிகிச்சையை நம் மத்திய சுகாதார அமைச்சகம் 2024 செப்டம்பரில் ஏற்றது. பெடாக்குலின், பிரிட்டோமனிட், லினசோலிட், மாக்ஸிஃப்ளாக்சசின் ஆகிய நான்கும் சேர்ந்து நல்ல ஆழமான கிணறுதான். அதன்மேல் ஒரு குடம் ஊற்றிச் சோதிப்பவர்கள், எந்தப் பயனைத் தேடுகிறோம் என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

இங்கேதான் உங்கள் அண்ணனின் தொழில் முக்கியமாகிறது. பதினைந்து ஆண்டுகள் கல்தூசியை இழுத்த நுரையீரல் அது. சிலிக்கா தூசி படிந்த நுரையீரலில் காசநோய் எளிதில் தொற்றும். அதைவிட முக்கியமானது, கிருமி முழுக்கச் செத்த பிறகும் அந்த நுரையீரலில் இருமலும் இளைப்பும் மிச்சம் இருக்கும். பர்கூர்ப் பக்கத்திலிருந்து ஒருவர் என்னிடம் சிகிச்சை பெற்றார். வளர்ப்புச் சோதனையில் மூன்று முறை தொடர்ந்து கிருமி இல்லை. ஆனால் பஸ் நிலையத்திலிருந்து என் அறைக்கு வருவதற்குள் இரண்டு இடத்தில் உட்கார்ந்துதான் வருவார். “நோய் போய்விட்டது என்கிறீர்கள், மூச்சு எங்கே ஐயா?” என்று கேட்டார். அவருக்கு நான் என்ன பதில் சொல்வது? கிருமியைக் கொல்லும் மருந்துகள் அதற்கு விடை ஆகாது.

அதனால்தான் இப்போது சோதிக்கப்படும் கூடுதல் மருந்துகளில் ஒரு பகுதி கிருமியைக் குறிவைப்பதே இல்லை. உடலைக் குறிவைக்கிறது. காசநோய்க் கிருமி நம் உடலின் காவல் செல்களுக்குள்ளேயே புகுந்து குடியிருக்கும். அதை விரட்ட உடல் மூட்டும் நெருப்பே நுரையீரலைப் பொத்தலாக்கிவிடுகிறது. அந்த நெருப்பைச் சற்றுத் தணித்தால், அல்லது அந்தச் செல் தன் வேலையை ஒழுங்காகச் செய்யத் தூண்டினால், நுரையீரல் குறைவாகச் சேதப்படும் என்பது எண்ணம். எண்ணம் அழகாக இருக்கிறது. சோதித்தால் என்ன ஆகிறது?

வைட்டமின் டி விஷயத்தில் எனக்கே பெரிய நம்பிக்கை இருந்தது. காசநோய்க்கு மருந்தே இல்லாத காலத்தில் வெயிலில் படுக்க வைத்தது வீண்போகுமா என்று நினைத்தேன். இந்தியாவில் நடந்து 2015இல் வெளியான ஆய்வில் 247 பேருக்கு வழக்கமான மருந்துடன் வைட்டமின் டி அல்லது வெற்று மாத்திரை கொடுத்தார்கள். சளி சுத்தமாக ஒரு பக்கம் 43 நாள், மறுபக்கம் 42 நாள். அவ்வளவுதான். சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மினை, சர்க்கரை இல்லாத காசநோயாளிகளுக்குக் கூட்டிக் கொடுத்துச் சென்னைச் சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் சோதித்தது. 322 பேர். சளி விரைவாகச் சுத்தமாகவில்லை. உடலின் அழற்சி குறைந்ததற்கான அடையாளங்கள் மட்டும் இரத்தத்தில் தெரிந்தன. வயிற்று உபாதை கூடியது. தென்னாப்பிரிக்காவில் நடந்து 2021இல் வெளியான ஆய்வில் இரண்டு மருந்துகள் மூச்சின் அளவைச் சற்று மேம்படுத்தின. பர்கூர்க்காரர் கேட்ட கேள்விக்கு அருகில் வருவது இது ஒன்றுதான். ஆனால் இந்த மூன்று ஆய்வுகளும் வழக்கமான மருந்துக்கு அடங்கும் காசநோயில் நடந்தவை. உங்கள் அண்ணனின் வகைக்கு அப்படியே பொருத்திவிட முடியாது.

ஆகவே அந்தக் குழுவிடம் கேளுங்கள்: இந்த மாத்திரை வேலை செய்கிறது என்று எதை வைத்து முடிவு செய்வீர்கள்? இரண்டாம் மாதச் சளியா, ஆறாம் மாத மூச்சுச் சோதனையா, இரண்டு ஆண்டு கழித்து நோய் திரும்பாமல் உயிரோடு இருப்பதா? இருமல் குறைந்தது, உடம்பு தேறியது என்பது மட்டுமே அளவுகோல் என்றால் எனக்கு அந்த ஆய்வில் நம்பிக்கை வராது. உங்கள் அண்ணனின் இருமலில் பாதி கல்தூசியுடையது.

மூலிகைப் பொடிக்கு வருகிறேன். உங்கள் கேள்விகளில் எனக்கு அதிகக் கவலை தந்தது இதுதான். நான் மூலிகையை இகழ்பவன் இல்லை. நம் வேலியோரம் நிற்கும் ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்ற பொருளிலிருந்து கிளைத்ததுதான் மருந்துக் கடைகளில் சளிக்குத் தரும் புரோம்ஹெக்சின். அதற்கு நெருங்கிய உறவான அம்ப்ராக்சாலைக் காசநோயில் கூடுதல் மருந்தாகப் பயன்படுத்த முடியுமா என்று ஆராய்கிறார்கள். எனவே இலையில் மருந்து இல்லை என்று நான் சொல்லவே மாட்டேன். அந்தப் பொடியைக் கொடுப்பவர், “என்னிடம் வந்த பத்துப் பேர் தேறினார்கள்” என்பார். அந்தப் பத்துப் பேரும் அரசு கொடுத்த மாத்திரையையும் சாப்பிட்டுக்கொண்டுதானே இருந்தார்கள்? எது தேற்றியது? வெற்று மாத்திரை என்ற ஒன்று எதற்காக இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் என்னிடம் இல்லை.

பென்னாகரம் பக்கம் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வாலிபர், மருந்துக்கு அடங்காத காசநோய், சிகிச்சை நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. மூன்றாம் மாதம் இரத்தச் சோதனையில் கல்லீரல் அளவுகள் எகிறின. எல்லா மருந்தையும் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்க வேண்டியதாயிற்று. ஏறத்தாழ மூன்று வாரம் கிருமிக்கு விடுமுறை. வீட்டுக்குப் போய்ப் பார்த்தபோது, மாடத்தில் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் பச்சை நிறப் பொடி. அதன் பக்கத்தில் ஒரு சிறிய மரக்கரண்டி. இரண்டு மாதமாகத் தேனில் குழைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார், யாரிடமும் சொல்லவில்லை. பொடி காரணமா, மாத்திரை காரணமா என்று எங்களால் கடைசிவரை பிரித்தறிய முடியவில்லை. அவருடைய அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “நல்லதுக்குத்தானே கொடுத்தேன் சாமி” என்றார். அவரை நான் கடிந்துகொள்ளவில்லை. நாங்கள் அவரிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விட்டது எங்கள் பிழை.

அதே வீட்டில் இன்னொன்றையும் கண்டேன். அந்த அம்மா மகனுக்கு விடிகாலையில், வெறும் வயிற்றில் எல்லா மாத்திரைகளையும் கொடுத்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத்தான் களி கிண்டிப் போடுவார். காரணம் கேட்டால், அவருடைய கணவர் இருபது ஆண்டுகளுக்கு முன் காசநோய் மாத்திரை சாப்பிட்டபோது அப்படித்தான் சொல்லியிருந்தார்கள். உண்மைதான். ரிஃபாம்பிசினை வெறும் வயிற்றில் சாப்பிடுவதுதான் முறை. ஆனால் பெடாக்குலின் அப்படி இல்லை. உணவோடு சாப்பிட்டால் அது உடலில் ஏறுவது ஏறக்குறைய இரண்டு மடங்காகும். அந்தப் பிள்ளை பல வாரங்களாகப் பாதி மருந்தைத்தான் பெற்றிருப்பான். புதிய மாத்திரை எதையும் கூட்டாமல், களியை முன்னால் நகர்த்தியே அவனுக்குச் சிகிச்சையைக் கூட்ட முடிந்தது. உங்கள் அண்ணியிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்: முதலில் களியோ சோறோ, பிறகு பெடாக்குலின். இன்னொன்று, சத்து மாத்திரை என்று தரும் இரும்பு, கால்சியம் மாத்திரைகளையும், வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ஜெலுசில் போன்றவற்றையும் மாக்ஸிஃப்ளாக்சசினோடு ஒரே நேரத்தில் கொடுக்கக் கூடாது. அவை வயிற்றிலேயே அந்த மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எத்தனை மணி நேர இடைவெளி என்று மருந்து தரும் இடத்தில் கேட்டு எழுதி வாங்குங்கள்.

உணவைப் பற்றிப் பேச்சு வந்துவிட்டதால் இதையும் சொல்ல வேண்டும். சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் வேதிச் சிகிச்சை மையம்தான், சானடோரியத்தில் படுக்க வைத்தாலும் வீட்டில் இருந்தே மருந்து சாப்பிட்டாலும் பலன் ஒன்றுதான் என்று உலகுக்குக் காட்டியது. ஏழைகளுக்கு அதனால் விளைந்த நன்மை கொஞ்சமில்லை. ஆனால் வீட்டில் இருந்தவர்கள் குறைவான உணவு உண்டும் குணமானார்கள் என்பதை வைத்து, சாப்பாடு அவ்வளவு முக்கியமில்லை என்ற எண்ணமும் மருத்துவர்களிடையே வேரூன்றிவிட்டது. நானும் அப்படித்தான் படித்தேன். ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த உணவு ஆய்வு அந்த எண்ணத்தை அசைத்தது. 2,800 நோயாளிகளுக்கு மாதந்தோறும் அரிசி, பருப்பு, பால்பவுடர், எண்ணெய் கொண்ட பத்துக் கிலோ பை. மருந்துக்கு அடங்காத வகை என்றால் ஓராண்டுக்கு. முதல் இரண்டு மாதத்தில் எடை நூற்றுக்கு ஐந்து கூடியவர்களிடையே இறப்பு வெகுவாகக் குறைவு. நோயாளிகளின் வீட்டாரில் பாதிக் குடும்பங்களுக்கு மட்டும் கூடுதல் உணவு கொடுத்து ஒப்பிட்டபோது, அந்தக் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் வருவது நூற்றுக்கு 39 குறைந்தது. இதுவரை வந்த கூடுதல் சிகிச்சைகளில் என் மனம் நிறைந்து பரிந்துரைப்பது இதைத்தான். மத்திய அரசு தரும் ஊட்டச்சத்துத் தொகை 2024 நவம்பரிலிருந்து மாதம் ஆயிரம் ரூபாய். அது அண்ணனின் வங்கிக் கணக்கில் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் முட்டையும் நிலக்கடலையும் வாங்குங்கள், பொடிக்காரருக்குக் கொடுக்காதீர்கள்.

சரி, ஆய்வில் சேர்வதா? உங்கள் அண்ணன்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்களும் நானும் இல்லை. ஒப்புதல் படிவம் தமிழில் இருக்க வேண்டும். அதை வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படிக்க நேரம் கேட்டால் தர வேண்டும். இப்போதே கையெழுத்து போடு என்று அவசரப்படுத்தினால் அந்த அவசரமே ஒரு பதில். இந்தியாவில் மருந்து ஆய்வுகளை அரசின் பதிவேட்டில் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். 2019ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆய்வினால் உடலுக்குக் கேடு வந்தால் இலவசச் சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. எந்த நாளிலும் காரணம் சொல்லாமல் விலகலாம். விலகினால் அரசு தரும் நான்கு மருந்துகளும் ஒரு நாள்கூடத் தடைபடக் கூடாது. இது படிவத்தில் எழுத்தில் இருக்கிறதா என்று விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.

மருத்துவம் சார்ந்து ஒன்று மட்டும். பெடாக்குலினும் மாக்ஸிஃப்ளாக்சசினும் இதயத் துடிப்பின் மின்னோட்டத்தைச் சற்று நீட்டக்கூடியவை. கூட்டப்போகும் மாத்திரையும் அதே வேலையைச் செய்யுமா என்று கேளுங்கள். செய்யும் என்றால் எத்தனை நாளுக்கு ஒரு முறை ஈசிஜி எடுப்பார்கள், அதைப் பாலக்கோட்டிலேயே எடுக்க முடியுமா, ஒவ்வொரு முறையும் தருமபுரிக்கு வர வேண்டுமா, பஸ் கட்டணமும் அன்றைய கூலியும் யார் தருவார்கள் என்பதையும் கேளுங்கள். லினசோலிட் கால் நரம்பையும் இரத்த அணுக்களையும் பாதிக்கும் மருந்து. பாதம் எரிகிறது, மரத்துப்போகிறது, பார்வை மங்குகிறது என்றால், அது ஆய்வு மாத்திரையின் வேலை என்று காத்திருக்காமல் அன்றே சொல்ல வேண்டும்.

என் அண்ணனாக இருந்தால் என்ன செய்வேன் என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நான்கு மருந்துகளிலும் கை வைக்கவில்லை, இறுதி வரை கவனிக்கிறார்கள், கேட்டதற்கெல்லாம் நேராகப் பதில் சொல்கிறார்கள் என்றால், சேரச் சொல்வேன். இன்று அவர் விழுங்கும் ஒவ்வொரு மாத்திரைக்கும் பின்னால், முன்பு எங்கோ ஒருவர் வெற்று மாத்திரையை விழுங்கியிருக்கிறார்.

அவர்கள் திரும்ப வரும் நாளில் வீட்டில் உள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், டானிக் பாட்டில்களையும், பொடி வாங்கியிருந்தால் அதையும் ஒரு பையில் போட்டு அவர்கள் முன்னால் கொட்டுங்கள். அன்று காலை சளி கேட்டிருந்தால், அண்ணன் எழுந்தவுடன் வாய் கொப்பளித்து, வீட்டுக்கு வெளியே நின்று, அடிநெஞ்சிலிருந்து இருமி எடுக்க வேண்டும். எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் சோதனைக்கு ஆகாது. அவர் காறி எடுக்கும்போது நீங்கள் பக்கத்தில் நிற்காதீர்கள், காற்றோட்டமாகத் தள்ளி நில்லுங்கள். நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் இன்னும் பரிசோதனை செய்துகொள்ளவில்லை என்றால், அதே நாளில் அதையும் முடித்துவிடுங்கள்.